நெத்திலி குஞ்சு மீனா, வளர்ந்த மீனா?

மருதநிலத்தான் | ஜூன் 21

நெத்திலி வாங்குவதை நிறுத்திவிட்டேன். மத்திக் குஞ்சைப் பிடித்து வந்து நெத்திலி என்று விற்கிறார்கள். வளர விட்டால் அது மத்தியாகவோ சாளையாகவோ வரும். ஒரு கிலோவில் எத்தனை உயிர் என்று எண்ணிப் பாருங்கள். குஞ்சு மீனைத் தின்றே கடலைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். கடற்கரைக்காரர்கள் யாராவது மறுக்க முடியுமா?

முத்துநகரான் | ஜூன் 21, இரவு 10.40

மறுக்கலாம் அண்ணாச்சி. அடுத்த தடவை நெத்திலி வாங்கினா, வயிறு நல்லா உருண்டிருக்கிற ஒண்ணை எடுத்து நகத்தால கீறிப் பாருங்க. உள்ளே ரெண்டு பக்கமும் நீளவாக்குல சினை படிஞ்சிருக்கும். குஞ்சுக்கு ஏது சினை?

முத்துநகரான் | ஜூன் 22, காலை 6.15

ராத்திரி எழுதினது பாதிதான். எல்லா மீனுலயும் சினை இருக்காது, ஆணுக்கு இருக்கவே இருக்காது. அதனால வாயைப் பாருங்க.

மத்தி, சூடை எல்லாத்துக்கும் வாய் சின்னது. முகத்தோட நுனியில, கீழ்த்தாடை கொஞ்சம் மேல் நோக்கி இருக்கும். நெத்திலிக்கு மூக்கு முன்னால துருத்திக்கிட்டு நிக்கும், வாய் அதுக்கு அடியில. வாய்ப் பிளவு கண்ணைத் தாண்டிப் பின்னால ஓடும். கீழ்த்தாடையை விரலால இழுத்தா தலையில பாதி திறந்துக்கும். இந்த வாய் வளர்ந்து மத்தி வாயா மாறுறதுக்கு வழியே இல்லை.

அடுத்தது வயிறு. மத்தியோட அடிவயித்து விளிம்பு முழுக்கக் கூரான தகடு வரிசையா இருக்கும். வாலிலிருந்து தலைப்பக்கமா விரலை ஓட்டினா உரசும். நெத்திலி வயிறு உருண்டை. நெஞ்சுத் துடுப்புக்கும் வயித்துத் துடுப்புக்கும் நடுவுல மட்டும் சின்னச் சின்ன ஊசி முள் அஞ்சாறு தட்டுப்படும். மீன் ஆயுறவங்க கட்டைவிரலுக்கு இது நல்லாத் தெரியும், கண்ணால பார்த்திருக்க மாட்டாங்க.

ரெண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்த மீனுங்கதான், ஆனா குடும்பம் வேற. தூரத்துப் பங்காளிங்கன்னு வெச்சுக்கலாம். மத்தியைப் பழைய புத்தகங்கள்ல குளுப்பெய்டேன்னு போட்டிருக்கும், நெத்திலி எங்ராலிடே.

முத்துநகரான் | ஜூன் 22, மதியம் 1.05

'உப்புக்காத்து' சரியான இடத்துல பிடிச்சிருக்கார்: "நூல் மாதிரி இருக்கிற வெள்ளைப் பொடியில எது மத்தி, எது நெத்திலின்னு உன்னால சொல்ல முடியுமா?"

வெறும் கண்ணால முடியாது. முட்டையிலிருந்து வந்த புதுசுல ரெண்டும் கண்ணாடித் துண்டுதான். கண்ணு மட்டும் கறுப்புப் புள்ளி. மீன்வளக் கல்லூரியில படிச்ச காலத்துல நுண்ணோக்கியில வெச்சு இதைத்தான் பிரிக்கச் சொல்லுவாங்க. முதுகுத் துடுப்பு எங்க முடியுது, அடித்துடுப்பு எங்க தொடங்குதுன்னு பார்க்கணும். மத்திக்கு அடித்துடுப்பு வாலுக்குப் பக்கத்துல, முதுகுத் துடுப்பிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கும். நெத்திலிக்கு முதுகுத் துடுப்புக்கு அடியிலயோ, அதை ஒட்டிப் பின்னாலயோ இருக்கும். அதுலயும் சந்தேகம்னா உடம்புல இருக்கிற தசைக் கட்டுகளை ஒவ்வொண்ணா எண்ணணும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த வகுப்பு வந்தா எண்ணிக்கை எங்கேயோ போயிடும்.

ஆனா அண்ணாச்சி கடையில வாங்கினது அந்தப் பொடி இல்லை. விரல் நீளம் வந்துட்ட மீன். அந்த அளவுல குழப்பத்துக்கே இடமில்லை.

முத்துநகரான் | ஜூன் 24

'எந்த நெத்திலி'ன்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்வி. ஏன்னா கூறு போட்டு விக்கிற குவியல்ல ஒரே இனம் இருக்கிறது அபூர்வம்.

நம்ம கடல்ல நெத்திலின்னு வர்றது முக்கியமா ரெண்டு பேரினம். ஒண்ணு ஸ்டோலெஃபோரஸ், இன்னொண்ணு என்க்ராசிகோலினா. அடித்துடுப்பு முதுகுத் துடுப்புக்கு நேர் கீழே தொடங்கினா ஸ்டோலெஃபோரஸ். முதுகுத் துடுப்பு முடிஞ்ச பிறகு தொடங்கினா என்க்ராசிகோலினா.

ஸ்டோலெஃபோரஸ்ல பெருசு இண்டிகஸ். 15 செ.மீ. வரைக்கும் போகும். பொரிச்சா ஒண்ணே ஒரு வாய் நிறைய இருக்கும். கொம்மர்சோனி அதைவிடச் சின்னது. 1803இல் லாசெபேட்ங்கிற ஆய்வாளர் பேர் வெச்சது, பிலிபேர் கொம்மெர்சோன்ங்கிற பிரெஞ்சு இயற்கையியலாளர் நினைவா. வெய்ட்டீ, இன்சுலாரிஸ்னு இன்னும் சிலது இருக்கு. என்க்ராசிகோலினா பக்கம் டெவிசி, ஹெட்டரோலோபா, பங்க்டிஃபர். நம்ம தென்கோடியிலயும் கேரளத்துலயும் மழைக்காலத்துல குவியல் குவியலா வர்றதுல டெவிசிக்குப் பெரிய பங்கு உண்டு.

பொருவாவையும் சிலர் பெரிய நெத்திலின்னு விக்கிறாங்க. அது திரிஸ்ஸா. அதே குடும்பம்தான், ஆனா உடம்பு பட்டை, முள் அதிகம், வயித்துல தகடு வரிசையும் உண்டு. பொரியலுக்கு நெத்திலின்னு நினைச்சு அதை வாங்கிட்டு வந்து வீட்டுல பேச்சு வாங்கினவங்க நிறையப் பேர்.

முத்துநகரான் | ஜூன் 24, இரவு

'கருவாட்டுப்பானை' கேட்டது: இதுல எது ருசி? இண்டிகஸ் பொரிக்க, டெவிசி அவியலுக்கு. மாங்காய் போட்ட அவியல்னா எந்த இனம்னு யாரும் கேக்கப் போறதில்லை.

முத்துநகரான் | ஜூலை 2

ஞாயித்துக்கிழமை. மதினி ரெண்டு கூறு வாங்கி வந்திருந்தாங்க. ஆய உக்காந்த இடத்துல நானும் போய் உக்காந்தேன், உதவின்னு பேரு. தலையைக் கிள்ளி லேசா கீழ்ப்பக்கமா இழுத்தா குடல் மொத்தமா கூடவே வந்துரும். அதுக்கு ஒரு கைப்பழக்கம் வேணும். எனக்கு அது பாதியில அறுந்து உள்ளேயே தங்கிடும்.

தட்டுல கொஞ்சத்தைத் தனியா ஒதுக்கி அளவுகோல் வெச்சுப் பார்த்தேன். ஆறரை, ஏழு செ.மீ. இருந்த மீனுலயே சினை முத்திப்போய் இருந்துச்சு. மஞ்சள் கலந்த வெள்ளை. விரலால நசுக்கினா மணி மணியாப் பிரியுது. ஒரு லென்ஸ் வெச்சுப் பார்த்தா முட்டை உருண்டையா இல்லை, நீண்டு இருக்கு. நெத்திலிக் குடும்பத்துல பல மீனுக்கு முட்டை நீள்வட்டம்தான். சில இனத்துல ஒரு முனையில குமிழ் மாதிரி ஒரு புடைப்பும் இருக்கும். கடல்நீர்ல வலைத்துணி இழுத்து முட்டை பொறுக்குறவங்க முதல்ல தேடுறதே இந்த நீள்வட்டத்தைத்தான். மத்தி முட்டை உருண்டை.

மதினி கேட்டாங்க: "அளந்து முடிச்சாச்சா, இல்ல இன்னைக்கு ரசஞ்சோறுதானா?"

முத்துநகரான் | ஜூலை 3

நேத்து எழுதினதோட தொடர்ச்சி. மருதநிலத்தான் அண்ணாச்சி கேட்டிருக்கார்: "ஏழு செ.மீ. மீன் சினைபிடிக்குதுன்னா அதுக்கு என்ன வயசு?"

மாசக் கணக்குதான், வருசக் கணக்கு இல்லை. மீனோட காதுக்குள்ள சுண்ணாம்புக் கல் ஒண்ணு இருக்கும். அதைத் தேய்ச்சு மெல்லிசாக்கிப் பார்த்தா ஒரு நாளைக்கு ஒரு வளையம்னு படிஞ்சிருக்கும். சின்ன வகை நெத்திலிங்க சில மாசத்துலயே முட்டைக்குத் தயாராகி, ஒரு வருசத்தைச் சுத்தியே ஆயுசை முடிச்சுக்குறது இப்படித்தான் தெரிஞ்சது. இண்டிகஸ் மாதிரி பெருசுங்க கொஞ்சம் கூட இருக்கும்.

முட்டையை ஒரே தடவையில கொட்டிட்டுப் போற மீனும் இல்லை இது. ஒரு தொகுதி விட்டுட்டு, அடுத்த தொகுதி முத்தினதும் மறுபடி விடும். ராத்திரியில விடுற பழக்கம். நம்ம கடல் சூட்டுல ஒரு நாளைச் சுத்தி முட்டை பொரிஞ்சுரும். அதனாலதான் வருசத்துல பெரும்பாலான மாசத்துல ஏதோ ஒரு இனம் சினையோட கிடைக்குது. ஒரு பருவம்னு கோடு போட முடியாது. கூடுறதும் குறையுறதும் உண்டு, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கேரளத்துல மத்திக்கு 10 செ.மீ.க்குக் கீழே பிடிக்கக் கூடாதுன்னு சட்டம். அது மத்திக்குச் சரி, ஏன்னா அந்த அளவுக்குக் கீழே அது குஞ்சுதான். அதே அளவுகோலை டெவிசிக்குப் பிடிச்சா, பேரப்பிள்ளை எடுத்துட்ட மீனையும் குஞ்சுன்னு சொல்லணும்.

முத்துநகரான் | ஜூலை 9

இருப்பிடம். இதைத்தான் நான் முதல்லயே எழுதியிருக்கணும், சினையிலயே சுத்திக்கிட்டு இருந்துட்டேன்.

நெத்திலி கரையோரத்து மீன். பெரும்பாலும் 50 மீட்டர் ஆழத்துக்குள்ள. கரையிலிருந்தே கரைவலை போட்டு இழுக்குற தூரத்துக்கும் வரும். ஆத்துத் தண்ணி கலக்குற இடம்னா சில இனத்துக்குக் கொண்டாட்டம். கொம்மர்சோனி கழிமுகத்துக்குள்ளயே நுழையும். புன்னக்காயல்ல தாமிரபரணி கடல்ல சேருற இடத்துல, மழை முடிஞ்சு தண்ணி கலங்கி இருக்கிற சமயம் வீச்சுவலையில மாட்டும். உப்பு குறைஞ்ச தண்ணியைத் தாங்குற உடம்பு.

பங்க்டிஃபர் இதுக்கு நேர் எதிர். தெளிஞ்ச தண்ணி வேணும், கரையை விட்டு ரொம்ப தூரம் போகும், நடுக்கடல்லயும் கிடைக்கும். தீவுகளைச் சுத்தின காயல்லயும் நுழையும். அதனால "நெத்திலி எங்க வாழும்"னு ஒத்தை வரியில கேட்டா ஒத்தை வரியில பதில் வராது.

எல்லாத்துக்கும் பொதுவான ஒண்ணு, கூட்டம். தனி நெத்திலின்னு கடல்ல ஒண்ணு கிடையாது. பகல்ல நெருக்கமா, ராத்திரியில கொஞ்சம் கலைஞ்சு. கட்டுமரத்துல போன பெரியவங்க தண்ணி மேல நிறம் மாறுறதையும், ஆலாப் பறவை தலைகீழா விழுறதையும் வெச்சுச் சொல்லுவாங்க. அடியில சாவாளையும் சூரையும் தின்னும், மேல ஆலா தின்னும். நடுவுல மாட்டுன கூட்டம் தண்ணியைக் கொதிக்க வைக்கும்.

முத்துநகரான் | ஜூலை 10

'விழிஞ்ஞம் வாசி' கேட்டிருக்கார்: "ஜூன், ஜூலைல எங்க பக்கம் நெத்தோலி அள்ளுறாங்க, கொச்சிப் பக்கம் காணோங்கிறாங்க. அது எங்க போகுது?"

உங்க பக்கம்தான் போகுது. 1971இல் தொடங்கி, ஐ.நா. உதவியோட கொச்சியை மையமா வெச்சு ஒரு திட்டம் நடந்துச்சு. 'சார்டினெல்லா', 'ராஸ்ட்ரெலிகர்'னு ஆய்வுக் கப்பல்ங்க. ரத்தினகிரியிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் தண்ணிக்குள்ள ஒலியை அனுப்பி, திரும்பி வர்ற எதிரொலியை வெச்சுக் கூட்டங்களை அளந்தாங்க. அதுல தெரிஞ்ச பெரிய விஷயம் இது: தென்மேற்குப் பருவக்காத்து தொடங்கினா மேற்குக் கரை நெத்திலிக் கூட்டம் தெற்கே நகருது. ஜூலை, ஆகஸ்டுல குமரி முனையைச் சுத்தியும் மன்னார் வளைகுடாப் பக்கமும் நெருக்கமா சேருது. காத்து அடங்கின பிறகு மறுபடி வடக்கே கலையுது.

காரணம் தண்ணி. அந்தக் காத்துல கரையோரத்து மேல்தண்ணி கடலுக்குள்ள ஒதுங்க, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணி மேலே ஏறும். உரம் நிறைஞ்ச தண்ணி, ஆனா உயிர்க்காத்து (ஆக்சிஜன்) குறைச்சல். மிதவை உயிருங்க பெருகும், மீனுக்கு மூச்சு முட்டும். சாப்பாடும் வேணும், மூச்சும் வேணும்னா அந்தத் தண்ணிக்கு ஓரமா நிக்கணும், இல்லாட்டி நகரணும். நெத்திலி நகருது.

இங்க தூத்துக்குடியில பெருசுங்க இதைக் காத்தையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டம்) வெச்சுச் சொல்லுவாங்க. "மேக்காத்து நின்னு அடிச்சா நெத்திலி"ன்னு எங்க தெருவுல கேட்டே வளர்ந்தேன். கப்பல்ல எதிரொலிக் கருவி வெச்சுக் கண்டுபிடிச்சதும் கிட்டத்தட்ட அதேதான்.

முத்துநகரான் | ஜூலை 11

மேல எழுதினதுல ஒரு திருத்தம் வேணும்னு 'உப்புக்காத்து' சொல்றார்: எல்லா நெத்திலியும் அப்படி ஓடாது. ஆமா. ஓடுறதுல பெரும்பங்கு என்க்ராசிகோலினாக் கூட்டம். கழிமுகத்தை ஒட்டி வாழுற ஸ்டோலெஃபோரஸ் இனங்களுக்கு அவ்வளவு தூரப் பயணம் தேவையில்லை. கிழக்குக் கரைக் கதையும் வேற. நாகப்பட்டினத்துக்காரங்க வடகிழக்குப் பருவத்தைத்தான் பேசுவாங்க. நல்ல குறிப்பு, அவர் தனியா எழுதினா இன்னும் நல்லது.

முத்துநகரான் | ஜூலை 19

அந்த மூக்கைப் பத்தி. துருத்திக்கிட்டு இருக்கிறது சும்மா இல்லை. நெத்திலிக் குடும்பத்துக்கே உரிய ஒரு உணர்வு உறுப்பு அதுக்குள்ள இருக்கு. கொழகொழன்னு ஒரு சின்னப் பை, சுத்தி நரம்பு. மத்திக்குக் கிடையாது.

கண்ணும் விசேஷம். நெத்திலிக் குடும்பத்து மீனுங்களோட விழித்திரையில இருக்கிற கூம்புச் செல்லுங்க மத்த முதுகெலும்பிங்களுக்கு இல்லாத அமைப்பு. ஒளி எந்தத் தளத்துல அதிர்றதுன்னு பிரிச்சறிய அது உதவும்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. கண்ணாடி மாதிரி இருக்கிற இரையைக் கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணிக்குள்ள பார்க்கணுமே.

காது இன்னொண்ணு. காத்துப்பையிலிருந்து மெல்லிய குழாய் ரெண்டு கிளம்பி, மண்டைக்குள்ள உள்காது வரைக்கும் போகுது. மத்திக்கும் இது உண்டு. தண்ணியில ஒரு அதிர்வுன்னா கூட்டமே ஒரே நேரத்துல திரும்புறதுக்கு இதுவும் ஒரு காரணம். படகு என்ஜினை நிறுத்திட்டுத் துடுப்புல கிட்டப் போன ஆளுங்களுக்கு இந்த மண்டைக் குழாயெல்லாம் தெரியாது. சத்தம் போட்டா ஓடிரும்னு தெரியும், அது போதும்.

சாப்பாடு? மிதவை உயிருங்க. துடுப்புக்காலிங்கிற (கோப்பிபாட்) பொடி உயிர், லூசிஃபர்ங்கிற ஊசி போன்ற இறால் வகை, இறால் நண்டோட இளம்புழு. வாயைப் பிளந்து செவுளை விரிச்சுக்கிட்டுத் தண்ணியை வடிகட்டிக்கிட்டே நீந்தும். பெரிய இரைன்னா ஒவ்வொண்ணாப் பார்த்துக் கொத்தும். வயிறு நிறையத் தின்ன சமயம் வலையில மாட்டினா அதோட செரிமானச் சாறே வயித்துச் சுவரைக் கரைச்சிரும். மதியத்துக்குள்ள வயிறு வெடிச்சிருக்கிற நெத்திலி கடையில பார்க்கிறது இதனாலதான். அது கெட்டுப்போச்சுன்னு உடனே சொல்லிர முடியாது, ஆனா நான் வாங்க மாட்டேன்.

முத்துநகரான் | ஜூலை 20

"அப்போ இறால் குஞ்சைத் தின்னுற நெத்திலியைத் தின்னா இறால் பெருகுமே"ன்னு 'கருவாட்டுப்பானை'. அண்ணே, உங்க தர்க்கத்துல போனா நெத்திலியைத் தின்னுற சாவாளையையும் தின்னணும், அதைத் தின்னுற சுறாவையும் தின்னணும். உங்களுக்குச் சம்மதம்னு தெரியும்.

முத்துநகரான் | ஆகஸ்ட் 4

ரெண்டு வாரம் எழுத நேரமில்லை. அதுக்குள்ள, பீட்சா மேல போடுற ஆஞ்சோவியும் நம்ம நெத்திலிதானான்னு பேச்சு போயிருக்கு.

பீட்சா மேல வர்ற ஆஞ்சோவி எங்ராலிஸ்ங்கிற வேற பேரினம். குளிர்ந்த, மிதமான கடல் மீன். உப்புல மாசக்கணக்கா ஊற வெச்சது. பெருவுல பிடிக்கிற ஆஞ்சோவெட்டா அதே பேரினம்தான், 20 செ.மீ. வரைக்கும் போகும், மூணு வருசத்தையும் தாண்டும். ஒரே இனத்தை வெச்சு நடக்குற உலகத்திலேயே பெரிய மீன்பிடிப்பு அதுதான். 1970இல் 1.2 கோடி டன்னுக்கு மேல பிடிச்சாங்க. பெரும்பகுதி மாவாகி கோழித் தீவனத்துக்குப் போச்சு. 1972-73இல் எல் நினோ (பசிபிக் கடல் மேல்தண்ணி சூடாகுறது) வந்து குளிர்தண்ணி ஏறுறது நின்னதும் ஒரே சரிவு. அளவுக்கு மீறிப் பிடிச்சதும் சேர்ந்துக்கிச்சு.

'விழிஞ்ஞம் வாசி' பயப்படுறார், நமக்கும் அப்படி ஆகுமான்னு. நம்ம கதை அமைப்புலயே வேற. அங்க ஒரு கடல், ஒரு மீன், ஒரு ஆலை. இங்க ஒரு கூறுக்குள்ளயே மூணு நாலு இனம், ஒண்ணு குறைஞ்ச மாசம் இன்னொண்ணு கூடும், ஆயுசும் குட்டி, தலைமுறை சீக்கிரம் மாறும். அதனால விழுந்தாலும் சீக்கிரம் எழும். எழுறதுக்குக் கொஞ்சமாவது முட்டையிட மீன் மிச்சம் இருக்கணும், அது எந்தக் கடலுக்கும் பொது.

முத்துநகரான் | ஆகஸ்ட் 5

'பினாங்கு மச்சான்' வந்து சேர்ந்துட்டார். மலேசியாவுல இக்கான் பிலிஸ்ங்கிறது நம்ம நெத்திலியேதானான்னு கேட்கிறார். ஆமா, அதே ரெண்டு பேரினம். நாசி லெமாக்ங்கிற தேங்காய்ப்பால் சோத்து ஓரத்துல மொறுமொறுன்னு கிடக்கிறது பெரும்பாலும் என்க்ராசிகோலினா. வித்தியாசம் பக்குவத்துல. அங்க பங்கோர் தீவுப் பக்கம் பிடிச்ச கையோட உப்புத்தண்ணியில வேக வெச்சு, அப்புறம்தான் காய வைக்கிறாங்க. வெந்ததால உள்ளே இருக்கிற சாறு வேலை செய்யாது, வயிறும் வெடிக்காது, மீன் முழுசா நிக்கும்.

நம்ம ஊர்ல வேக வைக்கிறதில்லை. உப்புக்கூடப் பெரும்பாலும் போடாம, பிடிச்ச மீனை அப்படியே வெயில்ல கொட்டிடுவாங்க. மெல்லிசு உடம்பு, நல்ல வெயில்னா சாயங்காலத்துக்குள்ள காஞ்சுரும். மணல்ல கொட்டினா மணல் ஒட்டும். சிமென்ட் தரையிலயோ வலை விரிச்சோ காய வெச்சதுக்கு விலை கூட. ஒரு கடையில 'மணல் இல்லாதது'ன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்ததைத் தண்ணியில போட்டு அலசினேன், சட்டி அடியில குட்டிக் கடற்கரையே இருந்துச்சு. கடை பேர் சொல்லமாட்டேன், கருவாடு நல்லாத்தான் இருந்துச்சு.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர் நெத்தலிச் சொதி பத்தி எழுதச் சொல்றார். எனக்குச் சொதி வைக்கத் தெரியாது. அவரே எழுதட்டும்.

முத்துநகரான் | ஆகஸ்ட் 6

இன்னொரு வேலையும் இந்த மீனுக்கு உண்டு, இரை. மாலத்தீவுல தூண்டில் கம்பால சூரை பிடிக்கிறவங்க உயிரோட இருக்கிற சின்ன மீனைக் கடல்ல வீசிச் சூரையைக் கிட்ட வரவழைப்பாங்க. அதுல ஹெட்டரோலோபாவும் ஒண்ணு. சாலமன் தீவுகள், பப்புவா நியூ கினி பக்கமும் முன்னால அப்படித்தான் பிடிச்சாங்க. டெவிசி, ஹெட்டரோலோபா ரெண்டோட வளர்ச்சி, வயசு, முட்டை பத்தி நமக்குத் தெரிஞ்சதுல நிறைய அந்த இரைமீன் ஆய்வுல வந்தது. சூரைக்காக நெத்திலியைப் படிச்சாங்க.

தொட்டியில உயிரோட வெச்சுக்கிறதுதான் சிரமம். செதில் லேசுல கழண்டுரும், கை பட்டா செத்துரும். வலை இழுத்து முடிச்சவங்க முழங்கை வரைக்கும் வெள்ளிப் பூச்சா மின்னும், அத்தனையும் செதில். நம்ம கைக்கு வர்ற நெத்திலியில செதிலே இல்லாத மாதிரி தெரியுறதும் அதனாலதான். பக்கவாட்டுல ஓடுற அந்த வெள்ளிப் பட்டை செதில் இல்லை, தோலுக்குள்ள இருக்கிறது. கருவாடானாலும் போகாது.

முத்துநகரான் | ஆகஸ்ட் 17

மருதநிலத்தான் அண்ணாச்சி திரும்ப வந்து எழுதினதை அப்படியே போடுறேன்: "சரி, நெத்திலி வளர்ந்த மீன்தான். ஆனா நான் வாங்கின குவியல்ல மத்திக் குஞ்சும் கிடந்ததே, அதைக் கண்ணால பார்த்தேனே."

இதுல அவர் பக்கம் நான் நிக்கிறேன். இந்த இழையில முக்கியமான வரி இதுதான்.

நெத்திலியைப் பிடிக்கிற வலைக்குக் கண்ணி பொடிசா இருந்தே ஆகணும். இல்லாட்டி அது நழுவிரும். அந்தப் பொடிக் கண்ணி, கூட வர்றது யாருன்னு பார்க்காது. மத்திக் குஞ்சு, கெளங்கான் குஞ்சு, சீலாக் குஞ்சு, காரல், எல்லாம் சேர்ந்து வரும். கரைமடி (கரைவலைதான்) இழுத்துக் கொட்டின குவியலைக் கிட்டப் போய்ப் பார்த்தா தெரியும். மேல வெள்ளியா ஒரே நெத்திலி, கையை விட்டுக் கிளறினா நகம் அளவுக்கு வேற வேற மீன். பெரிய மீன் ஆக வேண்டியதெல்லாம் அதுல இருக்கு. ஏலம் முடிஞ்ச பிறகு அந்தப் பொடியைத் தனியா பிரிச்சுக் கோழித் தீவனத்துக்கு விடுறதும் உண்டு.

ஆனா எல்லாப் பாடும் (ஒரு தடவை வலை போட்டுப் பிடிச்சது) அப்படி இல்லை. நெத்திலிக் கூட்டம் தனியா, நெருக்கமா வந்த நாள்ல, அதைப் பார்த்துப் போட்ட வலையில கிட்டத்தட்ட நெத்திலி மட்டும்தான் வரும். எதுவும் பார்க்காம அடியோட அரிச்சுக்கிட்டு வர்ற இழுவலையில வர்ற நெத்திலி வேற கணக்கு. அது நசுங்கி, வயிறு கிழிஞ்சு, சேறு கலந்து இருக்கும், பார்த்தாலே தெரியும்.

ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரையில விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போ வர்ற நெத்திலி நாட்டுப்படகு மீன். அதைத்தான் நான் விரும்பி வாங்குவேன். விலை கூடத்தான் இருக்கும்.

அண்ணாச்சி பண்ண வேண்டியது, வாங்குறதுக்கு முன்னால குவியலைக் கிளறிப் பார்க்கிறது. மீன்காரம்மா திட்டினா திட்டட்டும். வயிறு உரசுற பட்டை மீன் பாதிக்கு மேல இருந்தா விட்டுட்டு வாங்க.

முத்துநகரான் | ஆகஸ்ட் 18

'உப்புக்காத்து'க்குக் கோவம்: "பொடிக் கண்ணி வலையைக் குத்தம் சொல்றது சுலபம், கரைமடி இழுக்குறவன் வேற எதைப் பிடிப்பான்?" அவர் கேக்குறதுல நியாயம் இருக்கு. கரைமடி இழுக்குறவங்க பெரும்பாலும் படகு இல்லாதவங்க. முப்பது நாப்பது பேர் கயிறு பிடிச்சு இழுத்து, வந்ததைப் பங்கு போட்டுக்குறாங்க. அவங்க வலைக் கண்ணியை அளக்க வர்றவங்க, இழுவலைப் படகோட மடிக்கண்ணியையும் (வலையோட கடைசிப் பை) அதே நாள் அளந்தா பேசலாம். நான் குவியலைக் கிளறச் சொன்னது வாங்குறவங்களுக்கு. வலை பத்தித் தனி இழை தொடங்குங்க, வர்றேன்.

முத்துநகரான் | செப்டம்பர் 3

இனங்களைப் பத்தி ஜூன்ல எழுதினதுல ஒண்ணு சேர்க்கணும். அந்தப் பட்டியல் பழைய புத்தகத்துப் பட்டியல். சமீப வருசங்கள்ல ஸ்டோலெஃபோரஸ் பேரினத்தையே பிரிச்சு மேய்ஞ்சுட்டாங்க. ஒண்ணுன்னு நினைச்சது ரெண்டு மூணா ஆகியிருக்கு, செல்லாதுன்னு ஒதுக்கின பேருங்க திரும்ப வந்திருக்கு. ஜப்பான்காரங்க இதுல நிறைய எழுதியிருக்காங்க. நம்ம ஆளுங்களும் சும்மா இல்லை. 2020இல் வங்கக் கடல்லேருந்து இந்திய ஆய்வாளர்கள் ஒரு புது இனத்தை விவரிச்சு ஸ்டோலெஃபோரஸ் தமிலென்சிஸ்னு பேர் வெச்சாங்க. இத்தனை வருசமா யாரோ அதைக் கூறு கட்டி வித்து, யாரோ பொரிச்சுத் தின்னிருக்காங்க.

எண்ணுறது என்னன்னா செவுள் முள், ஊசி முள், முதுகெலும்புக் கணு. தலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் நடுவுல கறுப்புப் புள்ளிக்கோடு இருக்கா, இல்லையான்னும் பார்க்கணும். அதோட மரபணுவும். சமையக்கட்டுல முடியுறது ஊசி முள்ளும் புள்ளிக்கோடும்தான்.

முத்துநகரான் | செப்டம்பர் 5

நாலு பேர் படம் போட்டு "இது தமிலென்சிஸா"ன்னு கேட்டிருக்கீங்க. ஒண்ணு பொருவா. ஒண்ணு மசாலா தடவினது, அதுல நான் என்னத்தை எண்ண? மத்த ரெண்டும் ஸ்டோலெஃபோரஸ், அதுக்கு மேல படத்தை வெச்சுச் சொல்ல மாட்டேன். மீனைப் பக்கவாட்டுல படுக்க வெச்சு, பக்கத்துல அளவுகோல் வெச்சு எடுங்க. முதுகை மேலிருந்து ஒரு படம், வயித்தைக் கிட்ட இருந்து ஒரு படம். ஃப்ரீசர்ல வெச்சு எடுத்ததுன்னா தோல் வெளுத்துப் புள்ளி தெரியாது, வாங்கின அன்னைக்கே எடுக்கணும். எடுத்து முடிச்சதும் சீக்கிரம் ஐஸ்ல போடுங்க, இந்த மீன் வெளியில ஒரு மணி நேரம் தாங்காது.